சாஹெலில் ஐந்து வழிகள்: பெனின் எதை எடுக்கலாம்?

2025 நவம்பரில் மாலி நாட்டின் மேற்கே, கோப்ரி என்ற ஊர்ப்பக்கம் மின்பாதை வேலைக்குப் போயிருந்த 5 இந்தியர்களை ஓர் ஆயுதக் கும்பல் கடத்திக்கொண்டு போனது. ஐவரும் தென்காசி, தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்கள். சில நாள் நம் செய்தித்தாள்களில் மாலியின் பெயர் அடிபட்டது, அப்புறம் காணாமல் போனது.

அதே நாட்களில் மாலியின் தலைநகர் பமாக்கோவில் பெட்ரோல் பங்குகள் காலி. அல்காய்தாவோடு சேர்ந்த ஜேஎன்ஐஎம் அமைப்பு, செனகல், ஐவரி கோஸ்ட் பக்கமிருந்து வரும் டேங்கர் லாரிகளை செப்டம்பர் முதலே மறித்து எரித்துக்கொண்டிருந்தது. நாடு முழுவதும் பள்ளி, கல்லூரிகளை இரண்டு வாரம் மூடும்படி ஆனது. பிரான்ஸ் 9 ஆண்டுகள் சண்டை போட்ட நாடு அது. ஐ.நா. அமைதிப்படை 10 ஆண்டுகள் உட்கார்ந்திருந்த நாடு. 2021 டிசம்பரிலிருந்து ரஷ்யர்கள் இருக்கும் நாடு.

சஹாராவுக்குத் தெற்கே மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் எல்லாம் இருக்கும் வறண்ட நிலப்பட்டைக்கு சாஹெல் என்று பெயர். இப்போது அங்கிருந்து அந்தத் தீ தெற்கே கடற்கரை நாடுகள் பக்கம் இறங்குகிறது. அப்படிப்பட்ட கடற்கரை நாடான பெனினின் வடக்கு எல்லையில் 2025 ஜனவரியில் ஒரு தாக்குதலில் சுமார் 30 வீரர்கள் செத்தார்கள். ஏப்ரலில் டபிள்யூ தேசியப் பூங்காப் பகுதியில் 54 பேர். டோகோ, கானா, ஐவரி கோஸ்ட் மூன்றுக்கும் இதே கவலை. பெனின் அரசு என்ன செய்யலாம் என்று யோசித்தால் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. இருக்கிற வழிகள் ஐந்து. ஐந்தையும் பக்கத்து நாடுகள் ஏற்கெனவே பரிசோதித்துவிட்டன: மேற்கத்தியப் படை, ரஷ்யப் படை, கிராமத்தார் கையில் துப்பாக்கி, பேச்சுவார்த்தை, மொரித்தானியா போன வழி.

ஒப்பிடுவதற்கு முன் என் அளவுகோல் எது என்று சொல்லிவிடுகிறேன். எத்தனை தீவிரவாதிகள் கொல்லப்பட்டார்கள் என்ற கணக்கை நான் பார்க்கப் போவதில்லை. சாஹெலில் அந்த எண்ணிக்கை ஒவ்வோர் ஆண்டும் ஏறியது, கூடவே அவர்கள் கைக்குப் போன நிலமும் ஏறியது. நான் பார்ப்பது இது: படை வந்து போன பிறகு, அந்த ஊரில் இரண்டு பேருக்குள் மேய்ச்சல் தகராறு வந்தால் யாரிடம் போய் நிற்கிறார்கள்?

இதென்ன மாட்டு விவகாரம் என்று தோன்றலாம். மாலியின் நடுவே மோப்டி நகரைச் சுற்றி நைஜர் ஆறு பரந்து விரிந்து ஓர் உள்நாட்டு டெல்டாவாகிறது. வெள்ளத்தில் வளரும் பூர்கு என்ற புல், நீர் வடிந்ததும் அங்கே மேய்ச்சலுக்குக் கிடைக்கும். வறண்ட காட்டில் மேய்ந்த மாடுகளையெல்லாம் ஃபுலானி மேய்ப்பர்கள் அதற்காகத் திருப்பி ஓட்டி வருவார்கள். அந்தப் புல்வெளிக்குள் யார் முதலில் இறங்குவது, யார் எவ்வளவு கட்டணம் தருவது என்பதை ஜோவ்ரோ எனப்படும் பரம்பரை மேய்ச்சல் தலைவர்கள் முடிவு செய்வார்கள். காலப்போக்கில் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. அதில் அதிகாரிகளுக்கும் ஒரு பங்கு போய்ச் சேர்ந்தது. வழக்கு போட்டால் இரு தரப்பும் வருடக்கணக்கில் அலைய வேண்டும், இரு தரப்பும் லஞ்சம் கொடுக்க வேண்டும். வன அதிகாரி போடும் அபராதம் தனி.

இதையெல்லாம் மேடை போட்டுத் திட்டிப் பேர் வாங்கியவர்தான் அமடூ கூஃபா என்ற மதப் பேச்சாளர். 2015 வாக்கில் அவருடைய மாசினா படைப்பிரிவு ஆயுதத்தோடு டெல்டாவுக்குள் வந்தது. மேய்ச்சல் கட்டணத்தைக் குறைத்தது, சில இடங்களில் எடுத்தே விட்டது. காஜி எனப்படும் இஸ்லாமிய நீதிபதி வந்து உட்கார்ந்தார், லஞ்சம் இல்லாமல் சீக்கிரமே தீர்ப்பு சொன்னார். கூடவே பள்ளிகளை மூடினார்கள், பெண்களை முக்காட்டுக்குள் தள்ளினார்கள், அரசுக்கு உளவு சொன்னதாகச் சந்தேகப்பட்டவர்களைக் கொன்றார்கள். மக்கள் இவர்களை விரும்பினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தகராறு என்றால் போய் நிற்க ஓர் இடம் கிடைத்துவிட்டது. எந்த ராணுவத் திட்டமானாலும் இந்த இடத்தோடுதான் போட்டி போட வேண்டியிருக்கிறது.

சரி, பிரான்ஸ். 2012இல் வடக்குப் பாலைவனத்து இனமான துவாரெக்குகளின் கிளர்ச்சியும் பமாக்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பும் அடுத்தடுத்து வந்ததில் வட மாலி முழுவதும் கைநழுவியது. முதலில் தனிநாடு கேட்டவர்கள், அவர்களைத் துரத்திவிட்டு ஜிஹாதிகள். 2013 ஜனவரி 10ஆம் தேதி ஜிஹாதிகள் கொன்னா என்ற ஊரைப் பிடித்தார்கள். மறுநாளே பிரெஞ்சு அதிபர் ஒலாந்த் படையை இறக்கினார். அந்த மாதம் 28ஆம் தேதிக்குள் திம்பக்டு மீட்கப்பட்டது. ராணுவ வேலையாக மட்டும் பார்த்தால் சுத்தமான வேலை. ஊர் ஊராக பிரெஞ்சுக் கொடியை ஆட்டி வரவேற்றார்கள். அந்த மகிழ்ச்சி நிஜம்தான், இன்றைக்கு பமாக்கோவில் யாரும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும்.

சிக்கல் அதற்கு அப்புறம். 2014 ஆகஸ்டில் அந்த நடவடிக்கை பர்கான் என்று பெயர் மாறி 5 நாடுகளுக்கு விரிந்தது. அந்த ஐந்தும் சேர்ந்தால் இந்தியாவைப் போல் ஒன்றரை மடங்கு பரப்பு. அதற்கு உச்சக்கட்டத்திலேயே சுமார் 5,100 வீரர்கள். ஹெலிகாப்டரில் வருவார்கள், தேடுவார்கள், போய்விடுவார்கள். அவர்களுக்குத் தகவல் சொன்ன ஊர்க்காரருக்கு அடுத்த இரவில் யார் காவல்? பெரிய தலைகள் விழுந்தன என்பது உண்மை: 2020 ஜூனில் அல்காய்தாவின் வட ஆப்பிரிக்கத் தலைவர் துருக்தால், 2021இல் ஐஎஸ் அமைப்பின் சஹாராக் கிளைத் தலைவர் அபூ வாலித் அல் சஹ்ராவி. ஆனால் சண்டை வடக்கிலிருந்து நடு மாலிக்கும், அங்கிருந்து புர்கினா ஃபாசோவுக்கும் நைஜருக்கும் பரவியபடியே இருந்தது.

கூட்டாளிகளைத் தேர்ந்தெடுத்ததிலும் கோளாறு. 2018இல் மாலி-நைஜர் எல்லையில் துவாரெக் ஆயுதக் குழுக்களைச் சேர்த்துக்கொண்டு பிரெஞ்சுப் படை ஐஎஸ் ஆட்களைத் துரத்தியது. அந்தக் குழுக்கள் ஃபுலானிகளைக் கொன்றதாகக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. பயந்துபோன ஃபுலானி இளைஞன் யாரிடம் போவான்? பாதுகாப்பு தருகிறேன் என்று சொன்ன ஐஎஸ் பக்கம்தான் போனான். அப்புறம் 2021 ஜனவரி 3, பூன்டி கிராமம். பிரெஞ்சு விமானங்கள் குண்டு போட்டதில் 22 பேர் செத்தார்கள். அங்கே நடந்தது கல்யாணக் கூட்டம், செத்தவர்களில் 19 பேர் பொதுமக்கள் என்றது ஐ.நா. விசாரணை. பிரான்ஸ் கடைசிவரை ஏற்கவில்லை.

பிரான்சும் விலை கொடுத்தது. 2013க்குப் பிறகு 50க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. அதில் 13 பேர் 2019 நவம்பரில் இரண்டு ஹெலிகாப்டர்கள் மோதியதில் ஒரே இரவில் போனவர்கள். 2022 ஆகஸ்டில் மாலியிலிருந்தும், அடுத்தடுத்து புர்கினா, நைஜர் நாடுகளிலிருந்தும் வெளியேற்றப்பட்டது. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லாக் கேட்டுக்கும் பிரான்சே காரணம் என்று கடற்கரை நாடுகளின் சமூக ஊடகங்களில் ஓடும் கதை உண்மையானால், பிரான்ஸ் போனபிறகு வன்முறை குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை, ஏறியது.

அமெரிக்காவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நைஜரின் அகடேஸ் நகரருகே 10 கோடி டாலருக்கு மேல் செலவழித்து ஒரு ட்ரோன் தளம் கட்டினார்கள். மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்தார்கள். 2023 ஜூலையில் தலைநகரிலேயே நைஜர் அதிபரை அவருடைய மெய்க்காவல் படையே சிறைப்பிடித்தது. 2024இல் தளத்தை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

ரஷ்ய வழி என்பது வேறு சரக்கு. வாக்னர் கூலிப்படை சுமார் 1,000 பேரோடு மாலிக்கு வந்தது. மாதத்துக்கு 1 கோடி டாலர் பேசப்பட்டதாக அமெரிக்கா சொன்னது. ஆட்சியைப் பிடித்த ராணுவ அதிகாரிகளுக்கு இதில் நிஜமான லாபம் உண்டு: நாற்காலிக்குக் காவல், மனித உரிமைக் கேள்விகள் கிடையாது, தேர்தல் எப்போது என்று நச்சரிப்பும் கிடையாது. 2023 நவம்பரில் கிடால் நகரைப் பிடித்து மாலிக் கொடியை ஏற்றினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலம் முழுக்க கிடால் கிளர்ச்சிக்காரர்கள் கையிலேயே இருந்ததை பமாக்கோ மக்கள் மறக்கவே இல்லை என்பதால், அந்தக் கொடிக்குப் பெரிய மதிப்பு இருந்தது. ஆனால் அடுத்த ஜூலையில் அல்ஜீரிய எல்லையருகே தின்சவாத்தென் பகுதியில் அதே கூட்டணி பொறியில் சிக்கி, வாக்னர் ஆட்களே டஜன் கணக்கில் செத்தார்கள்.

என் அளவுகோலில் இந்த வழி எங்கே நிற்கிறது என்பதற்கு மூரா போதும். டெல்டாவில் உள்ள ஊர் அது. 2022 மார்ச் 27, சந்தை நாள். மாலி ராணுவமும் வெளிநாட்டு ஆயுததாரிகளும் ஹெலிகாப்டரில் வந்து இறங்கி ஊரை வளைத்தார்கள். சுற்றுப்பட்டி ஊர்களிலிருந்து சந்தைக்கு வந்தவர்களும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். 5 நாட்களில் குறைந்தது 500 பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் ஓராண்டு விசாரித்துச் சொன்னது. அதற்கப்புறம் அந்தப் பக்கத்தில் ஒரு மேய்ப்பர் ராணுவச் சாவடிக்குப் போய்த் தன் மாடு திருடு போனதாகப் புகார் கொடுப்பாரா? 2025 ஜூனில் வேலை முடிந்தது என்று அறிவித்து வாக்னர் கிளம்பியது. ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆப்பிரிக்கா கோர் என்ற படை அந்த இடத்துக்கு வந்தது. மூன்றே மாதத்தில் டேங்கர்கள் எரியத் தொடங்கின. பெனினுக்கு இந்த வழி வேண்டாம் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

மூன்றாவது வழிதான் பார்ப்பதற்கு நியாயமாகத் தெரியும், அதனாலேயே ஆபத்தானது. வெளிநாட்டான் எதற்கு, ஊர்க்காரனே ஊரைக் காக்கட்டும் என்ற வாதம். புர்கினா ஃபாசோ 2020 ஜனவரியில் இதற்குச் சட்டமே போட்டது. தாயகப் பாதுகாப்புத் தொண்டர்கள் என்று பெயர், 14 நாள் பயிற்சி, கையில் துப்பாக்கி. 2022 இறுதியில் கேப்டன் டிராவோரே ஆட்சிக்கு வந்ததும் 50,000 பேர் வேண்டும் என்று கூப்பிட்டார், 90,000 பேர் பெயர் கொடுத்தார்கள். அந்த நாட்டு மக்களின் துணிச்சலுக்கு இதைவிடச் சான்று தேவையில்லை. இவர்கள் ஊரிலேயே இருப்பவர்கள், ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையும் தெரிந்தவர்கள். என் அளவுகோல்படி இவர்களுக்குத்தான் முழு மதிப்பெண் விழ வேண்டும்.

விழவில்லை, ஏனென்றால் துப்பாக்கி எல்லோர் கைக்கும் போகவில்லை. மோசி உள்ளிட்ட உழவர் சமூகங்கள் சேர்க்கப்பட்டன, மேய்ப்பர்களான ஃபுலானிகள் பெரும்பாலும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். நிலத்தகராறில் ஒரு தரப்புக்கு மட்டும் அரசு ஆயுதம் கொடுத்தது போலாகிவிட்டது. இது எங்கே போய் முடியும் என்பது சட்டம் வருவதற்கு முன்பே தெரிந்திருந்தது. 2019 ஜனவரியில் புர்கினாவின் யிர்கூவில் ஊர்க்காவல் குழு ஃபுலானிகளை வேட்டையாடியது. மார்ச்சில் மாலியின் ஒகோசாகூ கிராமத்தில் சுமார் 160 ஃபுலானிகள் கொல்லப்பட்டார்கள், பழி டோகன் இன வேட்டைக்காரர் குழு மேல் விழுந்தது.

ஜிஹாதிகள் பக்கமிருந்து வரும் பதிலும் கொடுமையானது. தொண்டர்கள் இருக்கும் ஊர் மொத்தத்தையும் எதிரி முகாமாகவே நடத்துகிறார்கள். ஜிபோ நகரை 2022 பிப்ரவரியிலிருந்து முற்றுகையிட்டார்கள், இலை தழைகளை அவித்துத் தின்னும் நிலைக்கு மக்கள் போனார்கள். 2024 ஆகஸ்டில் பர்சலோகோவில் ஊரைச் சுற்றிப் பதுங்குகுழி வெட்ட ராணுவம் பொதுமக்களை இறக்கியது. வெட்டிக்கொண்டிருந்தவர்கள் மேல் ஜேஎன்ஐஎம் பாய்ந்து நூற்றுக்கணக்கானவர்களைச் சுட்டுக் கொன்றது.

இந்த ஐந்தில் எதிலும் சேராத ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புர்கினாவின் அரசியலே அதில்தான் திரும்பியது. 2021 நவம்பரில் இனாட்டா தங்கச்சுரங்கத்தருகே இருந்த காவல்படை முகாமிலிருந்து தலைமைக்கு ஒரு செய்தி போனது. சாப்பாடு தீர்ந்துவிட்டது, இரண்டு வாரமாகச் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும் விலங்குகளைக் கொன்று தின்கிறோம் என்று. உணவும் வரவில்லை, மாற்று ஆட்களும் வரவில்லை. வந்தது தாக்குதல்தான். சுமார் 50 பேர் செத்தார்கள். செய்தி வெளியே கசிந்ததும் ஊர் கொதித்தது, இரண்டே மாதத்தில் அதிபர் கபோரேயை ராணுவம் இறக்கியது. எந்த வழியை எடுத்தாலும் முகாமுக்கு அரிசி போய்ச் சேரவில்லை என்றால் கதை முடிந்தது.

பேச்சுவார்த்தைக்கு வருவோம். மாலியில் 2017இல் கூட்டப்பட்ட தேசிய மாநாடே கூஃபாவோடும் ஜேஎன்ஐஎம் தலைவர் இயாத் அக் காலியோடும் பேசிப் பாருங்கள் என்று பரிந்துரைத்தது. பிரான்ஸ் முகம் சுளித்தது. ஆனாலும் 2020 அக்டோபரில் எதிர்க்கட்சித் தலைவர் சுமைலா சிசேயையும் மூன்று ஐரோப்பியர்களையும் மீட்க சுமார் 200 கைதிகள் விடுவிக்கப்பட்டார்கள். பேசவே மாட்டோம் என்பதெல்லாம் மேடைப் பேச்சு என்பது அதிலேயே தெரிந்துபோனது. உள்ளூர் அளவில் ஒப்பந்தங்கள் நிறைய. 2021இல் நியோனோ பகுதியில் மதத்தலைவர்கள் நடுவில் நின்று சண்டையை நிறுத்திவைத்தார்கள். ஜிபோவில் 2020 இறுதியில் சத்தமில்லாமல் ஓர் இடைவேளை கிடைத்தது.

இவை உயிரைக் காப்பாற்றின, அதைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் விதிகளைப் பாருங்கள்: பெண்கள் முக்காடு போட வேண்டும், ஜகாத் அவர்களுக்குக் கட்ட வேண்டும், ராணுவத்தோடு பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது. ஆண்கள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட அமைதிக்குப் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும்தான் அதிகம் செலுத்தினார்கள். அரசு தோற்றுக்கொண்டிருக்கும்போது ஊர்க்காரர்கள் தனியாகப் பேசினால் இந்த விலைக்குத்தான் கிடைக்கும். பிரச்சினை பேசியதில் இல்லை, எந்த நிலையில் இருந்துகொண்டு பேசினார்கள் என்பதில் இருக்கிறது.

அதனால்தான் மொரித்தானியாவிடம் வருகிறேன். 2005 முதல் 2011 வரை அங்கே நிலைமை மாலியைவிட மோசம் என்றுகூடச் சொல்லலாம். 2005இல் லெம்கெய்த்தி முகாமில் 15 வீரர்கள் கொல்லப்பட்டார்கள். 2007 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் 4 பிரெஞ்சுச் சுற்றுலாப் பயணிகள். 2008 செப்டம்பரில் தூரீனில் ரோந்துப் படை ஒன்று மொத்தமாகத் தலை துண்டிக்கப்பட்டது. 2011க்குப் பிறகு அந்த நாட்டு மண்ணில் பெரிய தாக்குதல் எதுவும் இல்லை. பக்கத்திலேயே மாலி எரிகிறது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாலி அகதிகள் எம்பெரா முகாமில் இருக்கிறார்கள், இருந்தும் இல்லை.

என்ன செய்தார்கள்? பாலைவனத்தில் நாட்கணக்கில் தனியே சுற்றக்கூடிய சிறிய, வேகமான சிறப்புப் படைகளை அமைத்தார்கள். வடகிழக்கு எல்லையில் ஒரு பெரும்பகுதியை ராணுவ மண்டலமாக அறிவித்து, அனுமதியில்லாமல் உள்ளே நடமாடுபவர் யாராக இருந்தாலும் இலக்கு என்றார்கள். ஒட்டகப் படையைப் புதுப்பித்தார்கள். வெளியிலிருந்து பார்க்க வேடிக்கையாகத் தெரியும் இந்த ஒட்டகப் படைதான் என்னை அதிகம் கவர்ந்தது. கிணறு கிணறாகப் போகிறார்கள், நாடோடிகளோடு டீ குடிக்கிறார்கள், நோயாளிக்கு மருந்து கொடுக்கிறார்கள், யார் புதிதாக வந்தது என்று கேட்டு வைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பாலைவனக் கிணற்றடியில் அரசு என்பது இந்த ஒட்டகக்காரர்தான். பயிற்சிக்கும் பணத்துக்கும் பிரான்சையும் ஐரோப்பிய ஒன்றியத்தையும் பயன்படுத்தினார்கள், ஆனால் முன்வரிசையில் நின்றது சொந்தப் படை.

இந்தக் கை ஓங்கியிருந்தபோதே 2010இல் சிறைக்குள் பேச்சைத் தொடங்கினார்கள். முகமது அல் ஹசன் உல்து தெதெவ் போன்ற மதிப்புள்ள உலமாக்கள் சுமார் 70 கைதிகளோடு உட்கார்ந்து மார்க்க விவாதமே நடத்தினார்கள். பெரும்பாலானவர்கள் மனம் மாறியதாகச் சொன்னார்கள், பலர் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார்கள். அன்று ராணுவத் தலைமையில் இருந்த கஸ்வானி 2019 முதல் நாட்டின் அதிபர்.

சந்தேகங்களும் உண்டு. அல்காய்தாவோடு ரகசிய உடன்பாடு ஒன்று இருக்கிறது என்பது பழைய குற்றச்சாட்டு. பின்லேடனின் அபோட்டாபாத் வீட்டில் கிடைத்த காகிதங்களில் அப்படி ஒரு யோசனை பேசப்பட்டிருந்தது. மொரித்தானியா மறுக்கிறது. அப்படியே இருந்தாலும் அந்தப் பேரம் நாட்டைக் காப்பாற்றியிருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். பெரிய தடை வேறு: மொரித்தானியா மக்கள் அடர்த்தி இல்லாத வெட்டவெளி. பெனினின் வடக்கு எல்லை காடு, பூங்கா, பருத்தி வயல். மண்டலத்தை மூடி, நடமாடுபவரைச் சுடு என்ற விதியை அங்கே கொண்டுவந்தால் முதலில் சாவது விறகு பொறுக்கப் போனவராக இருக்கும்.

ஆகவே அப்படியே நகலெடுக்க முடியாது. ஐவரி கோஸ்ட் எடுத்த பாதி வழி பெனினுக்கு இன்னும் பொருந்தும். 2020 ஜூனில் காஃபோலோவில் பத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தபிறகு அவர்கள் வடக்கில் படையைக் குவித்தார்கள், அதோடு இளைஞர்களுக்கு வேலை, சாலை, மின்சாரம் என்று எல்லை ஊர்களில் பணத்தைக் கொட்டினார்கள். 2022 முதல் அங்கே பெரிய தாக்குதல்கள் அடங்கியிருக்கின்றன. ஜிஹாதிகள் அந்தப் பாதையைச் சரக்குக்காக விட்டுவைத்திருக்கிறார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு, அதையும் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

பெனின் 2022 முதல் மிராடோர் நடவடிக்கையில் சுமார் 3,000 வீரர்களை வடக்கே நிறுத்தியிருக்கிறது. 2025 ஜனவரியில் விழுந்தது நல்ல வசதியோடு இருந்த முகாம்தான் என்று அந்நாட்டு அதிகாரியே சொன்னார். எனவே இன்னும் பெரிய முகாம் கட்டுவதில் பலன் இருக்காது. நைஜரோடும் புர்கினாவோடும் உறவு கெட்டுக் கிடப்பதால் எல்லை தாண்டித் துரத்தவும் வழியில்லை. 2025 டிசம்பர் 7ஆம் தேதி பெனின் அரசு இயங்கும் நகரமான கொட்டோனுவில் சில வீரர்கள் ஆட்சியைப் பிடிக்க முயன்று தோற்றார்கள், நைஜீரிய விமானங்கள் வந்து உதவ வேண்டியிருந்தது. வடக்கில் சாகும் வீரர்களையும் அவர்கள் குடும்பங்களையும் யாரும் கவனிக்கவில்லை என்பதும் தொலைக்காட்சியில் அவர்கள் அடுக்கிய குறைகளில் ஒன்று. இனாட்டாவை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் கொட்டோனுவில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தால் வெளிநாட்டு உதவியில் மூன்றை மட்டும் கேட்பேன்: ட்ரோன் படங்கள், காயம்பட்டவரைத் தூக்கிவர ஹெலிகாப்டர், பயிற்சி. கிராமத்துக்குள் வெளிநாட்டுச் சீருடை வேண்டாம், எந்த நாட்டுடையதும். ஊர்க்காவல் படை வேண்டாம். அதற்குப் பதில் போலீஸிலும் ராணுவத்திலும் வடக்கு மாவட்டங்களின் ஃபுலானி இளைஞர்களை, சம்பளத்தோடு, மற்றவர்களோடு கலந்து எடுப்பேன். மொரித்தானியாவிடமிருந்து ஒட்டகப் படையின் வேலையை வாங்கிக்கொள்வேன், ஒட்டகத்துக்குப் பதில் மோட்டார் சைக்கிள். சிறைகளுக்கு உலமாக்களை இப்போதே அனுப்புவேன், எதிரி மாவட்டங்களைப் பிடித்தபிறகு பேசினால் விலை ஏறிவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு மந்தைகள் பெனினுக்குள் வரக் கூடாது என்று 2019 இறுதியில் அரசு தடை போட்டது. உழவர்-மேய்ப்பர் மோதலைத் தடுக்கும் நோக்கம்தான், புரிகிறது. ஆனால் மழை பொய்த்தால் மாடு எல்லையில் நிற்காது. தடை இருப்பதால் ஒவ்வொரு மேய்ப்பரும் சட்டவிரோதி, ஒவ்வொரு வனக்காவலரும் அபராதம் வசூலிப்பவர். எந்தப் பாதையில் எந்த மாதம் எத்தனை மாடு வரலாம் என்று குறித்துக் கொடுத்து, பயிர் நாசத்துக்கு அங்கேயே விசாரித்து இழப்பீடு முடிவு செய்ய உழவரும் மேய்ப்பரும் சம அளவில் உட்காரும் குழுக்களை அட்டகோரா, அலிபோரி இரண்டு மாகாணங்களிலும் அடுத்த வறட்சிக்காலத்துக்குள் அமைக்கலாம். ஒரு ட்ரோன் வாங்கும் செலவுகூட ஆகாது, பாரிஸிடமோ மாஸ்கோவிடமோ அனுமதியும் கேட்க வேண்டியதில்லை.